போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லையா? அவசரப்பட்டு வேறெதையும் திறக்காதீர்கள்

"எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டேனுங்க, அப்பவும் வரலீங்க." வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் என்னை அழைத்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஈரோட்டுப் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் கூப்பிட்டபோது காலம் கடந்திருந்தது. கணக்குக் கோப்புகள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. திரையில் பணம் கேட்டு ஒரு குறிப்பு.

கடைக் கணக்கு அவர் வீட்டு மாடியில் உள்ள கணினியில் இருந்தது. கொள்முதலுக்கு வெளியூர் போகும்போதும் அதைப் பார்க்க வேண்டும் என்று தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக, ரவுட்டரில் அதற்குரிய 3389 என்ற போர்ட்டை, அதாவது வாசல் எண்ணை, அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். இதுதான் போர்ட் ஃபார்வர்டிங். வரவில்லை. வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்தார். வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ரவுட்டரில் டிஎம்இசட்டைப் போட்டார். வெளியிலிருந்து வருவதில் எந்த விதிக்கும் பொருந்தாததையெல்லாம் அந்த ஒரே கணினிக்கு அனுப்பிவிடும் அமைப்பு அது. அதற்கும் வரவில்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டார். செய்த மாற்றங்கள் மட்டும் அப்படியே கிடந்தன.

எட்டு மாதம் கழித்து, கேமராவைப் போனில் பார்க்கலாம் என்று, தனக்கென்றே ஒரு நிலையான பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்கினார். கேமரா தெரிந்தது. அதே நாளில் பழைய திறப்புகளும் உயிர்பெற்றன; அது அவருக்குத் தெரியாது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். தோல்வியடைந்த உள்நுழைவு முயற்சிக்கு விண்டோஸ் இடும் 4625 என்ற எண் பக்கம் பக்கமாக இருந்தது. மூன்றாவது வாரத்தில், அதிகாலை இரண்டு மணி வாக்கில், ஒரு 4624; வெற்றிபெற்ற உள்நுழைவின் எண் அது. யாரோ உள்ளே வந்துவிட்டார்கள். கடவுச்சொல் கடைப் பெயரும் 123-ம்.

முதல் நாளே அவருக்கு ஏன் வேலை செய்யவில்லை? அவர் வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை. இணைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவிலான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுத்துத் தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதைத்தான் சிஜிநாட் என்கிறோம். அவர் தன் ரவுட்டரில் எழுதிய விதி, அதற்கு முன்னால் நிற்கும் நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. வெளியிலிருந்து வரும் பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்குள் ஃபயர்வாலை அணைத்தாலும் எரித்தாலும் அது வராது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்று ஒரு முகவரி இருக்கும்; ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி அது. உங்கள் ஐபி என்ன என்று காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து அதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் நல்லது. ரவுட்டரில் 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான முகவரி இருந்தால் அது சிஜிநாட். அந்த வரிசையை இதற்கென்றே 2012-இல் ஆர்எஃப்சி 6598 என்ற இணைய விதிமுறை ஆவணம் ஒதுக்கியது. 192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை என்றால், ஃபைபர்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டி ஒரு ரவுட்டராகவும், நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டராகவும் வேலை செய்துகொண்டிருக்கலாம். அந்தப் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது இரண்டிலும் விதி எழுதுங்கள். நிறுவனமே இந்த உள் முகவரிகளைத் தருவதும் உண்டு. அப்படியானால் அதுவும் சிஜிநாட்தான்.

இதைப் பார்த்த பிறகே மற்றவை. அதிலும் வெளியிலிருந்து உள்ளே வராதீர்கள், உள்ளேயிருந்து வெளியே போங்கள். முதலில் சர்வர் அந்த போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறதா என்று அதே கணினியில் நெட்ஸ்டாட் என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள். 127.0.0.1 என்று மட்டும் காட்டினால் அது தன்னோடு மட்டுமே பேசும். அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. அடுத்து வீட்டிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து உள் முகவரியில் முயலுங்கள். அங்கேயே வரவில்லை என்றால் ரவுட்டரை மறந்துவிடுங்கள். சர்வரின் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் உங்கள் வீட்டு நெட்வொர்க்கைப் பொது இடம் என்று நினைத்துத் தடுத்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

"நேத்து வரைக்கும் வந்துச்சுங்க" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கரண்ட் போய் வந்ததா என்றுதான். ரவுட்டர் மறுபடி எழும்போது சர்வருக்கு வேறு உள் முகவரி கிடைத்திருக்கும்; விதி பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வைத்து ரவுட்டரில் ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

வெளியிலிருந்து சோதிப்பதென்றால் உண்மையிலேயே வெளியிலிருந்து சோதியுங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியைத் தட்டினால், பல ரவுட்டர்கள் அந்தப் பாக்கெட்டை உள்ளே திருப்பி அனுப்பாது. சரியாக வேலை செய்யும் ஒன்றைப் பழுது என்று நினைத்துப் பிய்த்துப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

வரும் பிழைச் செய்தியையும் நிதானமாகப் படியுங்கள். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று உடனே வந்தால், பாக்கெட் ஏதோ ஒரு கருவி வரை போய், அங்கே கேட்பார் இல்லாமல் திரும்பியிருக்கிறது. வெகுநேரம் சுற்றி "டைம்டு அவுட்" என்றால், வழியில் தொலைந்தது, அல்லது ஃபயர்வால் சத்தமில்லாமல் கீழே போட்டது. லினக்ஸ் சர்வர் என்றால் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு வெளியிலிருந்து முயலுங்கள். எதுவுமே வரவில்லையா, தவறு சர்வருக்கு முன்னால். வருகிறது, பதில் போகவில்லையா, தவறு சர்வருக்குள். பதிலும் போகிறது, அங்கே சேரவில்லையா, சர்வரில் கேட்வே முகவரி, அதாவது அது வெளியே போகும் ரவுட்டரின் முகவரி, சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊகித்து ஊகித்து ஒரு நாள் முழுக்கத் தேடுவதை இது பத்து நிமிடத்தில் காட்டிவிடும்.

ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும், பலன் தராத மாற்றத்தைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதை மட்டும் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். "என் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப்போகிறது?" என்பார்கள். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து, கிகாபிட் இணைப்பில், ஐபிவி4 உலகம் முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் இப்படித் தேடித்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. 3389-ஐ 33890 ஆக்கினாலும் அது ஒளிவதில்லை, கொஞ்சம் தாமதமாகக் கண்ணில் படும். யுபிஎன்பி இருந்தால் அதையும் அணையுங்கள். நீங்கள் எழுதாத விதிகளைக் கருவிகள் தாமே எழுதிக்கொள்ளும் வழி அது.

சிஜிநாட்டில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. மாத வாடகைக்குச் சின்ன விபிஎஸ் ஒன்று, அதாவது பொது முகவரியுள்ள மெய்நிகர் சர்வர் ஒன்று எடுத்து, வீட்டு சர்வரிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் (பூட்டிய தனிவழி) போட்டுக்கொள்ளலாம். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் சிஜிநாட் தடுக்காது. 25 நொடிக்கு ஒருமுறை கீப்அலைவ் என்ற சிறு செய்தியை அனுப்பினால் வழி திறந்தே இருக்கும். இந்த வழியைத் தாமே அமைத்துத் தரும் டெய்ல்ஸ்கேல் போன்றவற்றில் இன்னும் எளிது. அடுத்த தலைமுறை முகவரி முறையான ஐபிவி6 கிடைக்கிறதென்றால் ஃபார்வர்டிங்கே தேவையில்லை, ரவுட்டர் ஃபயர்வாலில் ஒரு அனுமதி போதும். ஆனால் பார்க்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

ஈரோட்டுக்காரர் பணம் கட்டவில்லை. ஆடிட்டரிடம் மார்ச் மாதப் பிரதி ஒன்று இருந்தது. மீதி இரண்டு மாதத்துக் கணக்கை வீட்டிலுள்ளவர்கள் பில் புத்தகங்களைப் பார்த்து உட்கார்ந்து ஏற்றினார்கள். கணினியை முழுக்க அழித்துப் புதிதாக அமைத்தோம். இப்போது அவர் ரவுட்டரில் இருப்பது ஒரே விதி: வயர்கார்டுக்கு யுடிபி 51820 என்ற போர்ட். சரியான சாவி இல்லாதவர் தட்டினால் வயர்கார்ட் பதிலே தராது. கேமரா, கணக்கு எல்லாம் அதன் வழியாகத்தான்.

கிளம்பும் முன் அவர் போனில் வைஃபையை அணைக்கச் சொல்லி, வயர்கார்ட் இல்லாமல் 3389-ஐத் தட்டிப் பார்த்தோம். வெகுநேரம் சுற்றியது. "டைம்டு அவுட்" என்று வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். "இதுதாங்க வேணும்" என்றேன்.