பதினொன்று முப்பது என்றால் எங்கே?

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, இலங்கையின் கிழக்குப் பக்கமாகப் போவதற்காகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. நள்ளிரவு 12 முதல் 4 மணி வரை என் வாட்ச், அதாவது கப்பலைக் கவனித்துக்கொள்ளும் முறை. செகண்ட் ஆபிசருக்குப் பெரும்பாலான கப்பல்களில் அந்த நேரம்தான். ரேடியோவில் 16ஆம் சேனலில் தமிழில் ஒரு குரல் கேட்டது. இன்ஜின் நின்றுவிட்ட விசைப்படகு, ஆட்கள் ஏழு பேர், பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறது. எங்கே இருக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். "பதினொன்னு முப்பது, எண்பது நாப்பது தம்பி" என்றார்.

கரைக்கும் இதே எண்களை இன்னொரு படகு மூலமாக ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே வாங்கிக்கொண்டவர் 11.30, 80.40 என்று கணினியில் அடித்துத் தேடியிருக்கிறார். அப்படி அடித்தால் வரும் இடம், படகு உண்மையில் கிடந்த இடத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 20 கடல் மைல் தள்ளி இருக்கிறது. 37 கிலோமீட்டர். இருட்டில், நடுக்கடலில். நான் அவரிடம் திரையில் இருப்பதை ஒவ்வொரு குறியாக வாசிக்கச் சொன்னேன்: 11, மேலே சின்ன வட்டம், அப்புறம் 30, அதன் தலையில் ஒரு சின்னக் கோடு. சரி, டிகிரியும் நிமிடமும்தான். கேப்டனை எழுப்பினேன், கப்பலைத் திருப்பினோம், ஒரு மணி நேரத்துக்குள் டார்ச் வெளிச்சம் கண்ணில் பட்டது. விடியும் வரை பக்கத்திலேயே நின்றோம். காலையில் வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனது. ஏழு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் தவறைச் செய்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் மணியை எழுதும்போதுகூட 11.30 என்று புள்ளி வைத்தே பழகியவர்கள், அந்தப் புள்ளிக்குக் கணக்கில் வேறு பொருள் உண்டு என்பது அவசரத்தில் யாருக்கும் மறந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படித்த பாடம்தான் இது. அட்சரேகை, தீர்க்கரேகை என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு அதோடு விட்டுவிட்டோம்.

அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன். ஒரு டிகிரியை 60 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நிமிடம், மணிக்கணக்கு மாதிரியே. 11 டிகிரி 30 நிமிடம் என்பது பதினொன்றரை டிகிரி, தசமத்தில் எழுதினால் 11.5. அதையே 11.30 என்று எழுதினால் அது 11 டிகிரி 18 நிமிடம் ஆகிவிடும். மீன்பிடிப் படகுகளில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் டிகிரி-நிமிடம் காட்டுகிறவை. உங்கள் போனில் வரைபடத்தை அழுத்திப் பிடித்தால் வருவது தசமம். இரண்டும் சரிதான், ஒன்றை இன்னொன்றாக வாசிப்பதுதான் ஆபத்து. அப்புறம் வரிசை: முதலில் அட்சரேகை (வடக்கு-தெற்கு), அடுத்து தீர்க்கரேகை (கிழக்கு-மேற்கு). சென்னை 13.08, 80.27. இதை மாற்றி 80.27, 13.08 என்று கொடுத்துப் பாருங்கள், நார்வேக்கும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளைத் தாண்டி ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் எழுதுகின்றன, ஆகவே அது எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புள்ளிக்குப் பிறகு இரண்டே இலக்கம் இருந்தால் அந்த இடம் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம், நான்கு இலக்கம் இருந்தால் பத்துப் பன்னிரண்டு மீட்டர். ஆம்புலன்ஸுக்கு இடம் அனுப்பும்போது கடைசி இலக்கங்களை வெட்டிவிடாதீர்கள்.

கப்பலுக்குப் புதிதாக வரும் கேடட்களிடம் (பயிற்சி அதிகாரிகளிடம்) நான் முதலில் பார்ப்பது, தூரம் அளக்கும் இரண்டு முனைக் கவையான டிவைடரை எங்கே வைக்கிறார்கள் என்பதைத்தான். சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், இரண்டு இடங்களுக்கு நடுவே டிவைடரை விரித்துவிட்டு, தூரம் தெரிந்துகொள்ள அதை விளிம்பில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். பாதிப் பேர் கீழ் விளிம்புக்குக் கொண்டுபோவார்கள், அது தீர்க்கரேகை அளவு, அங்கே தூரம் அளக்கவே கூடாது. பக்கவாட்டு விளிம்பில்தான் வைக்க வேண்டும், அதுவும் நாம் இருக்கிற அட்சரேகைக்கு நேராக. ஏனென்றால் அட்சரேகையில் ஒரு நிமிடம் உலகில் எங்கே போனாலும் ஏறத்தாழ ஒரு கடல் மைல், 1852 மீட்டர். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். தீர்க்கரேகைகள் அப்படி இல்லை, பூமத்திய ரேகையில் ஒன்றுக்கொன்று 111 கிலோமீட்டர் விலகி இருப்பவை வடக்கே போகப் போக நெருங்கி, 60 டிகிரியில் பாதியாகி, துருவத்தில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடுகின்றன.

இப்போது சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தைப் பாருங்கள், பல படங்களில் அந்தத் தீர்க்கரேகைகள் ஒன்றுக்கொன்று சேராமல் ரயில் தண்டவாளம் போல நேராக மேலே போகின்றன. சேர வேண்டிய கோடுகளைச் சேராமல் இழுத்துப் பிடித்தால் அங்கே உள்ள நிலமும் சேர்ந்து இழுபடத்தான் செய்யும். 1569இல் ஜெரார்டஸ் மெர்கேட்டர் இதைத் தெரிந்தேதான் செய்தார். மாலுமி ஒரே திசையில் காம்பஸைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பாதை படத்தில் நேர்கோடாக வர வேண்டும், அதற்காகப் பரப்பளவை விட்டுக்கொடுத்தார். எங்கள் தொழிலுக்கு இன்றைக்கும் அது வரம். ஆனால் வகுப்பறைச் சுவருக்கு அது வந்தபோது குழந்தைகள் மனதில் வேறொரு உலகம் பதிந்துவிட்டது. 60 டிகிரியில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா 3 கோடிக்கும் மேல், அதாவது 14 மடங்கு. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது, படத்தில் பார்த்தால் யாராவது நம்புவார்களா? ஆப்பிரிக்காவைச் சிறியதாகவே பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை அந்தக் கண்டத்தை எந்த அளவுக்குப் பொருட்படுத்தும் என்று யோசித்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

போனில் நாம் பார்ப்பவையும் பெரும்பாலும் மெர்கேட்டர் வகைதான். ஒரு சோதனை செய்யலாம். ஜூமை மாற்றாமல் சென்னையிலிருந்து ஆஸ்லோ வரைக்கும் படத்தை நகர்த்திப் பாருங்கள், மூலையில் உள்ள அளவுகோல் காட்டும் தூரம் ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருக்கும்.

நேர்கோடு என்பதே குறுக்கு வழி என்ற நம்பிக்கையும் இந்தப் படத்திலிருந்து வந்ததுதான். யோகோஹாமாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக வேண்டும் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, கிழக்கே நேராகப் போக வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் குறைந்த தூரம் வடக்கே ஏறி, 48 டிகிரி வரை போய், அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே கடந்து, மறுபடி இறங்குகிற வளைவு. இதில் 200 கடல் மைலுக்கு மேல் மிச்சம், எங்கள் கணக்கில் அரை நாளுக்கும் அதிகமான எண்ணெய். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் ஆறு வயதுக் குழந்தைக்கும் இது விளங்கிவிடும், அதனால்தான் வீட்டில் ஒரு குளோப் வாங்கி வையுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மனதில் இருக்கும் படம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கை நமக்குத் தெற்கே இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வோம். யாழ்ப்பாணம் ராமேஸ்வரத்துக்கு 40 கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே இருக்கிறது. தூத்துக்குடிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இன்னும் வடக்கே. பனாமா கால்வாயில் அட்லாண்டிக் பக்கம் நுழைந்து பசிபிக்குக்குப் போகும்போது கப்பல் மேற்கே போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முதல் தடவை காம்பஸைப் பார்த்தால் தென்கிழக்கு. பசிபிக் வாசல் அட்லாண்டிக் வாசலைவிடக் கிழக்கே இருக்கிறது. தென் அமெரிக்கா வட அமெரிக்காவுக்கு நேர் கீழே இல்லை, கிழக்கே நன்றாக விலகி நிற்கிறது, பசிபிக் கரையோரம் இருக்கும் லிமாகூட மியாமிக்குக் கிழக்கேதான்.

சரி, இதெல்லாம் பொது அறிவு என்று விடலாம். அடுத்துச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது.

2014 நவம்பர் 29ஆம் தேதி, கேப் டவுனிலிருந்து அபுதாபிக்கு நடந்த பாய்மரப் படகுப் போட்டியில், வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் என்ற பவளத்திட்டில் இருட்டிய பிறகு முழு வேகத்தில் மோதியது. உலகத்தரமான மாலுமிகள், நவீனமான கருவிகள். திட்டு அவர்களுடைய மின்னணு வரைபடத்தில் இல்லாமல் இல்லை, போதுமான அளவு ஜூம் செய்தால்தான் தெரிந்திருக்கும். நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. காகிதச் சார்ட்டில் ஒரு அளவுக்கு வரைந்தது அந்த அளவில்தான் இருக்கும். திரையில் ஜூமைக் குறைத்து விலக்கிப் பார்க்கும்போது மென்பொருள் சின்னச் சின்ன விஷயங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வருகிறது, மறைத்தேன் என்று சொல்வதும் இல்லை. அதனால் பாசேஜ் பிளான் (பயணப் பாதைத் திட்டம்) போட்டு முடித்த பிறகு தொடக்கத்திலிருந்து கடைசி வரை முழுப் பாதையையும் பெரிய அளவில் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. மலைப்பாதையில் கார் ஓட்டிப் போகிறவர்களும் இதையே செய்யலாம், விலக்கிப் பார்க்கும்போது அழகான கோடாகத் தெரிவது கிட்டப் போனால் ஜீப் மட்டும் போகிற தடமாக இருக்கும்.

2013 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் துப்பதாஹா திட்டில் கார்டியன் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் மாட்டிக்கொண்டது வேறு வகை. அங்கே மின்னணு வரைபடமே திட்டைச் சுமார் 8 கடல் மைல் தள்ளிப் போட்டிருந்தது. கடைசியில் கப்பலைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுத்தார்கள். இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு: ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே சாண்டி தீவு என்று ஒன்று நூறு வருடங்களுக்கு மேல் படங்களில் இருந்தது, இணைய வரைபடத்திலும் இருந்தது. 2012 நவம்பரில் ஓர் ஆய்வுக் கப்பல் நேரில் போய்ப் பார்த்தபோது அங்கே வெறும் ஆழ்கடல். யாரோ ஒருவர் என்றோ பார்த்ததாகச் சொன்னதை அடுத்தடுத்தவர்கள் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இன்றைக்கும் உலகக் கடலடியில் நவீனக் கருவிகளால் அளந்து முடித்தது நான்கில் ஒரு பங்கு சொச்சம்தான். மீதியெல்லாம் செயற்கைக்கோளிலிருந்து கணித்த மதிப்பீடும், பழைய காலத்தில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்ததும். பழைய அளவைகளில் இன்னொரு சிக்கல், அவை பூமியின் வடிவத்துக்கு ஒவ்வொரு நாடும் வைத்துக்கொண்ட வெவ்வேறு கணக்கின் அடிப்படையில் வரைந்தவை, ஜிபிஎஸ் இடத்தை அப்படியே அதில் குறித்தால் சில நூறு மீட்டர் விலகலாம். கிரீன்விச்சில் தரையில் பதித்திருக்கும் பூஜ்ஜியக் கோட்டின் மேல் நின்று ஜிபிஎஸ்ஸைப் பார்த்தாலே அது பூஜ்ஜியம் காட்டுவதில்லை, அதற்கு 102 மீட்டர் கிழக்கே நடக்க வேண்டும்.

அப்புறம் தேதி. வாரா வாரம் சார்ட் திருத்தங்கள் வரும், அதைப் போடுவது செகண்ட் ஆபிசர் வேலை. புது விளக்கு, புது மூழ்கிய கப்பல், மாறிய ஆழம். கடலுக்கு மட்டும் இல்லை இது, நாடுகளுக்கும் உண்டு. 2011 ஜூலைக்கு முன் அச்சான படத்தில் தெற்கு சூடான் இருக்காது. சுவாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனது, மாசிடோனியா 2019இல் வடக்கு மாசிடோனியா ஆனது. சமோவா 2011இல் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது, அந்த நாட்டில் டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை, இன்றைக்கு அதற்கும் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க சமோவாவுக்கும் முழுசாக ஒரு நாள் வித்தியாசம். பிள்ளைகளுக்கு அட்லஸ் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அச்சான ஆண்டைப் பாருங்கள், பழையதாக இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், புதியதைப் பக்கத்தில் வைத்து என்ன மாறியிருக்கிறது என்று அவர்களையே தேடச் சொல்லலாம், அதைவிட நல்ல புவியியல் வகுப்பு எனக்குத் தெரியாது.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டில் போன் எடுப்பவர்களுக்கும் ஒன்று. ஆபத்தில் கூப்பிட வேண்டிய எண் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் படகில் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள். இடம் சொல்லும்போது "பதினொன்னு முப்பது" என்று நிறுத்தாமல் "பதினொரு டிகிரி முப்பது நிமிடம் வடக்கு, எண்பது டிகிரி நாற்பது நிமிடம் கிழக்கு" என்று முழுசாகச் சொல்லுங்கள். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லும் வரை லைனை வைக்காதீர்கள்.