காபி குடித்ததை மறைக்காதீர்கள்

சென்ற வாரம் எண்டோஸ்கோப்பிக்காக (வாய்வழியே கேமரா பொருத்திய குழாயை இறக்கி இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) இடப்பக்கமாகப் படுக்க வைத்திருந்த ஒரு பெரியவரின் இரைப்பைக்குள் குழாய் இறங்கியபோது, திரையில் தெரிந்தது இரைப்பையின் சுவர் அல்ல. பாதி கரைந்த இட்லியும், அதில் ஒட்டியிருந்த கடுகும், திரிந்த பாலும்தான். குழாயை வெளியே எடுப்பதற்குள் அவர் வாந்தியெடுத்துவிட்டார். செவிலியர் உடனே உறிஞ்சி எடுத்தும், ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டதால், சில நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டிய பரிசோதனைக்கு வந்தவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று. எதுவும் சாப்பிடவில்லை என்று படிவத்தில் கையெழுத்திட்டிருந்தவர் அவர். "சுகர் இறங்கிடுமேன்னு ரெண்டு இட்லியும் காபியும் குடுத்தேன் டாக்டர், திட்டுவீங்கன்னுதான் சொல்லல" என்றார் மகள்.

நான் திட்டுவேன் என்பது உண்மைதான். ஆனால் திட்டிவிட்டு, பரிசோதனையைத் தள்ளிவைப்பேன். அதற்குமேல் ஒன்றும் நேராது.

நம் ஊரில் காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், "காபி?" என்று தனியாகக் கேட்டால்தான் "அது காலையிலேயே ஆயிற்று" என்பார்கள். பாலில் கொழுப்பும் புரதமும் இருக்கின்றன. அது இரைப்பைக்குள் போனதும் திரிந்து கட்டியாகிறது. ஆகவே பால் கலந்த காபி, டீ, சத்துமாவுக் கஞ்சி, மோர் ஆகிய அனைத்தும் இட்லிக்குச் சமமாகவே கணக்கிடப்படும்; இவற்றுக்கும் பரிசோதனைக்கும் இடையில் குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும். முந்தைய இரவு பரோட்டாவோ பிரியாணியோ என்றால் 8 மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். "அரை டம்ளர்தான்" என்பதும், "டிகாஷனில் ஒரு சொட்டுப் பால்தான்" என்பதும் விதிவிலக்கு ஆகா. இதற்கு நேர்மாறாக, முந்தைய நாள் மதியத்திலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் வாடி வருபவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம் என்பதே பொதுவான விதி. நெஞ்செரிச்சலுக்காக அந்த இளஞ்சிவப்புத் திரவ மருந்தைக் குடித்துவிட்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது சுவரெங்கும் படிந்து, நாங்கள் தேட வேண்டிய சிறு புண்ணை மறைத்துவிடும். (குழாயின் உறிஞ்சு வழி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலந்தான், ஒரு கறிவேப்பிலை போதும் அதை அடைக்க.)

நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கு இரைப்பை மெதுவாகவே காலியாகும்; எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் போடும் செமாக்ளுடைட் ஊசியும் அதே வேலையைச் செய்யும். இவற்றை முன்பதிவின்போதே சொல்லுங்கள். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். உணவு இல்லாத காலையில் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொள்ளாமல், அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையைப் பொதுவாக ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு வராதீர்கள், தயவுசெய்து. சாதாரணப் பரிசோதனைக்கும் சிறு சதைத்துணுக்கு எடுப்பதற்கும் பெரும்பாலும் அதை நிறுத்தவே தேவையில்லை.

மூச்சு அடைத்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. குழாய் போவது உணவுக்குழாயில். மூச்சு தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். பல்செட்டைக் கழற்றிவிடுங்கள், ஆடும் பல் இருந்தால் முன்பே காட்டிவிடுங்கள், எச்சிலை விழுங்க முயலாமல் வெளியே வழிய விடுங்கள்.

பரிசோதனை முடிந்ததும் கதவருகே ஆவி பறக்கும் டம்ளரோடு நிற்கும் உறவினர்களைத் தினமும் பார்க்கிறேன். தொண்டையில் அடித்த மருந்தின் மரத்துப்போன உணர்வு போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை விழுங்குவது புரையேறவும், சூடு தெரியாமல் வாய் வேகவும் இடம் தரும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீர், அது சிரமமின்றி இறங்கிய பின்பே மற்றவை. மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது, தனியாக வீட்டுக்குப் போகவும் கூடாது. லேசான தொண்டைவலியும் ஏப்பமும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கடுமையான நெஞ்சுவலி, வயிற்றுவலி, காய்ச்சல், கழுத்து வீக்கம், இரத்த வாந்தி, தார் போன்ற கருப்பு மலம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் ஓ.பி.க்காகக் காத்திராமல், அன்றிரவே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். "கேஸ்தான்" என்று வழியில் சோடா வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.