உங்கள் டிக்கெட்டில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது?

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தை மூடும் நேரத்தில் வயதான கணவன் மனைவி இருவர் வந்தார்கள். மெல்போர்னில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். மருமகன் அங்கிருந்தே ஏதோ ஒரு இணையதளத்தில் டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறார். "தம்பி, ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று அந்த அம்மா ஒரு தாளை நீட்டினார். நான் போட்ட டிக்கெட் இல்லை, இருந்தாலும் வாங்கிப் பார்த்தேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து மெல்போர்ன், நடுவில் மூன்றே முக்கால் மணி நேரம். தாளின் மேலே ஒரு ஆறெழுத்துக் குறியீடு, கீழே இன்னொன்று. அதாவது இரண்டு பிஎன்ஆர், இரண்டு தனித்தனி முன்பதிவு. முதல் குறியீட்டை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால், திருச்சி விமானம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. இவர்களுக்கும் தெரியாது, மருமகனுக்கும் தெரியாது. தொடர்பு விவரம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த இணையதளத்தின் மின்னஞ்சல் முகவரிதான் இருந்தது.

திருச்சியில் டிக்கெட் போடும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விரலில் சிவப்புக் கார்பன் ஒட்டும் பழைய தாள் டிக்கெட்டைக் கையால் எழுதியிருக்கிறேன். 2008 ஜூன் 1 முதல் உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான அயாட்டா அதை நிறுத்தி எல்லாவற்றையும் இ-டிக்கெட் ஆக்கியது. அதுவரை டிக்கெட் என்பது பயணியின் பையில் இருந்த பொருள். இப்போது போனில் இருக்கும் பிடிஎஃப் வெறும் நகல்தான், உண்மையான டிக்கெட் எங்கோ ஒரு கணினியில் பதிவாகக் கிடக்கிறது. அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று பயணிகள் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் கவலை.

பதிவும் ஒன்று இல்லை. இருக்கையைப் பிடித்து வைப்பது பிஎன்ஆர். பணம் கட்டியதற்கான சான்று 13 இலக்க டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைச் சொல்லும்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. பிஎன்ஆர் இருந்து டிக்கெட் எண் இல்லையென்றால் இன்னும் டிக்கெட் அடிக்கவில்லை என்று அர்த்தம், நேரம் கடந்தால் தானாகக் கழன்றுவிடும். பல மலிவுக் கட்டண நிறுவனங்களில் மட்டும் இந்த எண்ணே கிடையாது, பிஎன்ஆரே எல்லாம். இன்னொரு குழப்பமும் உண்டு: எங்களைப் போன்ற ஏஜென்ட்கள் டிக்கெட் போடப் பார்க்கும் அமேடியஸ், சேபர், கலிலியோ என்ற முன்பதிவுக் கணினித் திரைகளில் வரும் குறியீடு ஒன்று, விமான நிறுவனத்தின் கணினியில் அதே பயணத்துக்கு இருக்கும் குறியீடு பல நேரம் வேறு. "உங்க பிஎன்ஆர் வேலை செய்யலையே" என்று பாதிப் பேர் போன் செய்வது இதனால்தான். ஏஜென்ட்டிடம் "ஏர்லைன் ரெஃபரன்ஸ் கொடுங்க" என்று கேளுங்கள், கொடுப்பார்.

இந்தத் திரைகளின் வயதைத் தெரிந்துகொண்டால் நிறைய விஷயம் விளங்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து சேபரை ஓட விட்டது 1960களில். அமேடியஸ் 1987இல் வந்தது. அடியில் ஓடுவது இன்னும் தந்தி காலத்துச் செய்தி மொழிதான். பயணியின் மின்னஞ்சலைப் பதிவில் ஏற்றும்போது '@' குறியை அந்த மொழி ஏற்காது, அதற்குப் பதில் இரண்டு சாய்கோடு போட வேண்டும், இன்றைக்கும் அப்படித்தான் தட்டச்சு செய்கிறேன். பயணியின் கைப்பேசிக்கு 'சிடிசிஎம்', மின்னஞ்சலுக்கு 'சிடிசிஇ', தர மறுத்துவிட்டால் 'சிடிசிஆர்' என்று குறியீடுகள் உண்டு. பயணியிடம் கேட்டு இதில் ஒன்றைப் பதிய வேண்டும் என்பது 2019 ஜூன் முதல் அயாட்டா ஏஜென்ட்களுக்கு விதி. ஆனால் வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடுவார் என்ற பயத்தில் தன் எண்ணையே போடுகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். இதை ஒரு ஏஜென்ட்டாகவே சொல்கிறேன், அது தவறு. விமானம் ரத்தானால் நடுராத்திரியில் செய்தி வருவது ஏஜென்ட்டின் போனுக்கு, அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

சரி, இரண்டு பிஎன்ஆர் விஷயத்துக்கு வருவோம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு, லக்கேஜும் பெரும்பாலும் கடைசி ஊர் வரை போய்விடும். தனித்தனி டிக்கெட்டை ஒட்டி விற்கும்போது இரண்டுமே கிடையாது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். விமான நிலையக் கட்டிடங்களும் ஒரே டிக்கெட் பயணியை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. கோலாலம்பூரில் முனையம் 1 தனிக் கட்டிடம், முனையம் 2 தனிக் கட்டிடம், நடுவில் ரயில். அந்த இருவருடைய முதல் விமானம் 2இல் இறங்கும், அடுத்தது 1இல் ஏறும். மலேசிய இமிக்ரேஷனில் நின்று, பெல்ட்டில் நான்கு பெட்டியை எடுத்து, ரயில் பிடித்து, மறுபடி செக்கின் வரிசையில் நிற்க வேண்டும், அதுவும் மூன்றே முக்கால் மணி நேரம் ஒன்றே முக்காலாகச் சுருங்கிய பிறகு. தாளில் பொடி எழுத்தில் 'சுயமாக மாறிக்கொள்ளும் பயணம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. யார் அதைப் படிப்பார்கள்?

இனி வரப்போவது என்ன? அயாட்டா 2012இல் என்டிசி என்ற புதிய தகவல் முறையைக் கொண்டுவந்தது. பழைய முறையில் ஒவ்வொரு கட்டண நிலைக்கும் ஆங்கில எழுத்து ஒன்று, எழுத்து மொத்தமே 26. என்டிசியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, விமான நிறுவனமே அந்த நொடியில் விலையை உருவாக்கிச் சீட், சாப்பாடு, லக்கேஜோடு சேர்த்து அனுப்பும். அமேடியஸ், சேபர் போன்ற பழைய வழியில் போட்டால் டிக்கெட்டுக்கு 16 யூரோ கூடுதல் என்று லுஃப்தான்சா 2015இல் அறிவித்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023இல் தன் கட்டணங்களில் கணிசமான பங்கைப் பழைய வழியிலிருந்து எடுத்துவிட்டு, ஏஜென்ட்களும் கம்பெனிகளும் விலகியதும் 2024இல் பின்வாங்கியது. ஒரே இருக்கைக்கு ஆப்பில் ஒரு விலை, என் திரையில் ஒரு விலை என்று வருவதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம். இதன் அடுத்த கட்டம் ஒன் ஆர்டர்: பிஎன்ஆரையும் டிக்கெட் எண்ணையும் ஒழித்து, எல்லாவற்றையும் ஒரே ஆர்டர் எண்ணுக்குள் கொண்டுவருவது. நல்ல விஷயம், நான் வரவேற்கிறேன். ஆனால் அது முழுதாக வரும்வரை பாதிப் பதிவு புதிய கணினியில், பாதிப் பதிவு பழைய கணினியில் என்று இருக்கும் இந்த இடைக்காலத்தில் அடிபடுவது பயணிதான். தேதி மாற்ற ஏஜென்ட்டிடம் போனால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார், நிறுவனத்தைக் கேட்டால் ஏஜென்ட்டிடம் போகச் சொல்வார்கள்.

இந்தியாவில் ரீஃபண்ட் விஷயத்தில் அப்படி அலைய வேண்டியதில்லை. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது என்று இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி சொல்கிறது. அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டிலும், பயணம் போகவே இல்லை என்றாலும், அரசு வரியும் விமான நிலையப் பயனர் கட்டணமும் திரும்ப வர வேண்டும். நிறையப் பேர் கேட்பதே இல்லை.

அப்புறம் ஒன்று, போர்டிங் பாஸை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பிஎன்ஆருக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, குறியீடும் கடைசிப் பெயரும் இருந்தால் யாரும் உள்ளே போகலாம். முன்னாள் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் 2020இல் இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு படத்தை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்வரை கண்டுபிடித்துவிட்டார்.

அந்த இருவருக்கும் என்ன ஆயிற்று என்றால், மருமகனை வீடியோ காலில் பிடித்து, திருச்சி டிக்கெட்டை முந்தைய நாளுக்கு மாற்ற வைத்தோம். நேரத்தை மாற்றியது நிறுவனமே என்பதால் கூடுதல் பணம் கேட்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு ராத்திரி தங்க அறை போட்டோம், இருவருக்கும் மலேசியாவின் டிஜிட்டல் வருகைப் படிவத்தைப் பயணம் நெருங்கும்போது நிரப்பச் சொன்னேன். கிளம்பும் முன் இரண்டு பிஎன்ஆரிலும் தொடர்பு எண்ணை அந்த அம்மாவின் எண்ணாக மாற்றினேன். "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதேப்பா" என்றார். "வந்தா எனக்கு அனுப்புங்கம்மா, நான் படிச்சுச் சொல்றேன்" என்றேன். பத்து நாள் கழித்து அனுப்பினார். மெல்போர்ன் விமானம் நாற்பது நிமிடம் முன்னதாகக் கிளம்பும் என்று இருந்தது.