கொக்பிட்: சேவல் சண்டைக் குழியிலிருந்து பாய்ப்படகு வரை

கொக்பிட் என்றதும் பெரும்பாலானோருக்கு விமானம்தான் நினைவுக்கு வரும். பூட்டிய கதவு, உள்ளே இரண்டு விமானிகள், முன்னால் எண்ணிக்கையில்லாத பொத்தான்கள். அதனால் பத்திரிகைகளும் 'விமானி அறை' என்று எழுதிப் பழகிவிட்டன. வானத்துக்கு அது பொருந்தும். பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ ஒரு சிறிய பாய்ப்படகில் ஏறி "கொக்பிட் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அறை எதையும் காட்டமாட்டார்கள். படகின் பின்பாதியில், மேல்தட்டை விடத் தாழ்ந்து, திறந்து கிடக்கும் ஒரு பள்ளத்தைக் காட்டுவார்கள். சுக்கான் பிடிப்பவர், பாய்க்கயிறு இழுப்பவர், சும்மா கூட வந்தவர் எல்லோருக்கும் நாள் முழுக்க அந்தப் பள்ளம்தான் இடம். (தமிழ்நாட்டில் 'காக்பிட்' என்று எழுதுவார்கள். நமக்குக் கொக்பிட்.)

ஆங்கிலத்தில் 'கொக்' என்றால் சேவல், 'பிட்' என்றால் குழி. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சேவல்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டிய வட்டக் குழிக்குத்தான் முதலில் இந்தப் பெயர். நடுவில் சேவல்கள், சுற்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். நெருக்கமும் கூச்சலும் இரத்தமும் உள்ள எந்த இடத்துக்கும் பிறகு இந்தப் பெயரை ஒட்டினார்கள். இலண்டனில் சேவல் சண்டை நடந்த ஒரு கட்டிடத்தை 1616இல் நாடக அரங்காக மாற்றியபோது அந்த அரங்கும் 'கொக்பிட்' என்றே அழைக்கப்பட்டது. சேவல் சண்டையை அந்த நாடு 1835இல் சட்டம் போட்டுத் தடுத்தது. சொல் மட்டும் தப்பித்துக்கொண்டது.

கடலுக்கு அது வந்த வழி கொஞ்சம் இருட்டானது. போர்க்கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே, பின்பக்கம், இளநிலை அதிகாரிகள் தங்கிய ஒரு தாழ்ந்த பகுதி இருந்தது. சண்டை நேரத்தில் காயப்பட்டவர்களை அங்கேதான் கிடத்துவார்கள். கப்பல் வைத்தியர் கையையும் காலையும் அறுத்தெடுத்த இடமும் அதுதான். 1805 ஒக்டோபர் 21இல் டிரபல்கர் கடற்போரில் சுடப்பட்ட ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனைத் தூக்கிக்கொண்டு போனது 'விக்டரி' கப்பலின் கொக்பிட்டுக்குத்தான். அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான். சேவல் குழியின் பெயரை மாலுமிகள் ஏன் அந்த இடத்துக்கு வைத்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பிறகு சிறு படகுகளில் சுக்கான்காரர் இருக்கும் தாழ்ந்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து முதலாம் உலகப் போர்க் காலத்துத் திறந்த விமானங்களுக்கும், அப்புறம் பந்தயக் கார்களுக்கும் போனது. அந்தக் காலத்து விமானியும் குழியில்தான் இருந்தார், தலை வெளியே தெரியும். அறை என்பது பின்னால் வந்த சங்கதி.

இன்னொரு கதையும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'கொக்' என்று ஒருவகைச் சிறு படகும் உண்டு. அதை நடத்துபவர்தான் 'கொக்ஸ்வெயின்'. ஆகவே அவர் இருந்த குழிதான் கொக்பிட், சேவலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சேவல் குழி என்ற பொருளில் அந்தச் சொல் கப்பலுக்கு வருவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே புழங்கிவிட்டது. நான் சேவல் பக்கம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'விமானி அறை' படகுக்கு ஆகாது. 'ஓட்டுநர் அறை' என்றால் லொறி நினைவுக்கு வரும். 'சேவற்குழி' என்று நேராக மாற்றினால் சிரிப்பார்கள். ஆங்கிலச் சொல்லில் நமக்கு வேண்டியது சேவல் இல்லை, குழிதான்.

குழிக்கு உரியவர் யார் என்றால், படகை நடத்துபவர். அவருக்குத் தமிழில் பழைய பெயர் மீகாமன். சுருக்கினால் மீகான். ஏட்டில் மட்டும் இருக்கும் செத்த சொல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மட்டக்களப்பில் வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கதையான வழக்குரையைப் பாடக் கேட்டவர்களுக்கு, சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடி வெடியரசனோடு பொருத மீகாமனைத் தெரியும். இந்தக் கரையில் அந்தப் பெயர் ஒவ்வொரு வருடமும் காதில் விழுகிற பெயர். ஆகவே 'மீகான் குழி' என்பது என் தெரிவு. படகில் இருந்துகொண்டு பேசும்போது வெறுமனே 'குழி' என்றாலே போதும். தமிழில் அறிவியல் கலைச்சொல் ஆக்க 1936இல் சென்னையில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம்முடைய காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். நாம் ஒரு படகுச் சொல்லுக்குக் கூச்சப்படத் தேவையில்லை.

'அறை' என்ற சொல்லை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. குழி என்று விளங்கிக்கொண்டால்தான் அதற்குள் வசதியாக இருப்பது எப்படி என்பதும் விளங்கும். அறையில் வசதி வேண்டுமென்றால் நல்ல கதிரை ஒன்றைக் கொண்டுபோய்ப் போடலாம். குழியில் கதிரை போட முடியாது. குழியின் ஆழமும் அகலமும் ஓரமும்தான் அங்கே கதிரை.

உள்ளே இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் இருக்கைகளுக்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: வாங்கு. கதிரையும் வாங்கும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள்தான், ஒன்று 'கதெய்ரா', மற்றது 'பாங்கோ'. படகின் விலா எலும்பு மாதிரி வளைந்த மரங்களுக்கு 'வங்கு' என்று பெயர், அதோடு இதைக் குழப்பவேண்டாம். இரண்டு வாங்குக்கும் நடுவில் கால் வைக்கும் பள்ளம் கால்குழி. கால்குழியின் அடியிலிருந்து வாங்கு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் முழங்கால் சரியாக மடியும். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் நாடிக்கு வரும். உயர்ந்தால் கால் தொங்கித் தொடை மரத்துப்போகும்.

கால்குழியின் அகலத்தை நிறையப்பேர் கவனிப்பதில்லை. பாய்ப்படகு காற்றில் சரிந்துதான் ஓடும், 15 பாகை சரிவது சாதாரணம். அப்போது காற்று வரும் பக்கத்து வாங்கில் இருப்பவர் வழுக்கி விழாமல் இருக்க எதிர் வாங்கில் கால் உதைக்க வேண்டும். இடைவெளி 60, 70 சென்ரிமீற்றர் என்றால் கால் எட்டும். விசாலமாக இருக்கட்டும் என்று அதை அகலமாக்கினால், கரையில் கட்டி நிற்கும்போது விருந்து வைக்கலாம், ஓடும்போது அவதி. அகலத்தைக் குறைக்க முடியாத படகில் கால்குழியின் நடுவே நீளமாக ஒரு மரச்சட்டம் பொருத்திவிடுவார்கள். உதைக்க அது போதும்.

குழியைச் சுற்றி மேல்தட்டுக்கு மேலே எழும்பி நிற்கும் ஓரத்தை ஆங்கிலத்தில் 'கோமிங்' என்பார்கள். படுவான்கரை வயல்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை, இது வரம்பு. வயல் வரம்பு தண்ணீரை உள்ளே நிறுத்தும், படகின் வரம்பு வெளியே நிறுத்தும். அலை மேல்தட்டில் ஏறினாலும் குழிக்குள் இறங்காது. அதே வரம்புதான் முதுகுக்குச் சாய்மானமும். சிறு படகுகளில் முதுகு நோவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: வரம்பு பதினைந்து சென்ரிமீற்றர்கூட இராது, அதன் கூர்விளிம்பு சரியாக இடுப்புக்கு மேலே குத்தும். வாங்கிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், 10 முதல் 15 பாகை வெளியே சாய்ந்த ஒரு பலகையை வரம்போடு பொருத்தி, மேல் விளிம்பை உருட்டி இழைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கழற்றிப் பூட்டக் கூடியதாக இருப்பது நல்லது. சுக்கான்காரருக்கு அடிக்கடி வரம்பின் மேலே ஏறி இருக்க வேண்டி வரும், அப்போது அந்தப் பலகை இடைஞ்சல். அவருக்கு இன்னொரு உதவியும் உண்டு. சுக்கான் கைபிடியின் நுனியில் அசையும் ஒரு நீட்டுக்கோல் பூட்டினால், குனிந்துகொண்டே இருக்காமல் நிமிர்ந்து சாய்ந்தபடி பிடிக்கலாம்.

மெத்தை கடைசியாகத்தான். எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். கடையில் விற்கும் சாதாரண ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடித்துவிட்டு மூன்று நாள் சொட்டிக்கொண்டிருக்கும். நீச்சல் பழகுபவர்கள் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை செய்யும் வகை ஸ்பொஞ்ச் நீரை உறிஞ்சாது. அதில் 5 சென்ரிமீற்றர் தடிப்பு தாராளம். ஆள் தண்ணீரில் விழுந்தால் எறிந்துவிடவும் அது உதவும். இலவம் பஞ்சும் மிதக்கும், ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளையே அதனால்தான் அடைத்தார்கள். ஆனால் ஆள் ஏறி இருந்து நசுக்க நசுக்க அதன் மிதப்பு போய்விடும். உறைக்குக் கறுப்பு ரெக்சின் வேண்டவே வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி வெயிலில் அரைக்காற்சட்டையோடு அதன்மேல் ஒருதரம் இருந்தவர் மறுபடி இருக்கமாட்டார். வெளிர் நிறக் கன்வஸ் நல்லது. பன்பாய் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், உப்புத் தண்ணீர் அதை நீண்டநாள் விட்டுவைக்காது. எந்த உறையானாலும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும், காய்ந்தது மாதிரி தெரிந்தாலும் இருந்தவுடன் நனையும். மெத்தைக்குக் கீழே இடைவெளி விட்ட மரச்சட்டங்கள் இருந்தால் விழுந்த தண்ணீர் வடிந்துபோகும். வாங்கில் ஒரு மூலையிலாவது வடிகால் வேண்டும்.

குழி வசதியாகிவிட்டால் எல்லோரும் அங்கேயே கூடிவிடுவார்கள். சிறு படகில் பின்பக்கம் பாரம் ஏறினால் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கி, பின்புறம் தாழ்ந்து, ஓட்டம் மந்தமாகும்.

விமானத்துக்கு 'விமானி அறை' அப்படியே இருக்கட்டும். பந்தயக் காருக்கு 'ஓட்டுநர் குழி' எனலாம். வாவியில் ஓடும் கயாக்கிலும் ஆள் இறங்கி இருக்கும் வாயைக் கொக்பிட் என்றுதான் சொல்கிறார்கள். தனி ஒருவர் துடுப்போடு இருக்கும் அந்தச் சின்ன ஓட்டைக்கு மீகான் என்ற பெரிய பெயர் கொஞ்சம் அதிகம். 'இருக்கைக் குழி' போதும்.