ஹாரர் என்றால் பேய்ப்படம் மட்டும்தானா?

"பார்த்ததிலேயே உன்னை ரொம்பப் பயமுறுத்தின படம் எது?" என்று நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கேட்டுப்பாருங்கள். ஒருவர் எக்சார்சிஸ்ட் என்பார், இன்னொருவர் ஜப்பான்காரர்கள் எடுத்த ரிங் என்பார், யாராவது யாவரும் நலம் என்பார், நடுவில் ஒருவர் ஜாஸ் என்று சொன்னதும் சண்டை ஆரம்பித்துவிடும். "அது சுறா படம்யா, அதுல பேயே கிடையாது, அது எப்படி ஹாரர் ஆகும்?"

பேய் இல்லாவிட்டாலும் ஆகும். ஏனென்றால் ஹாரர் என்ற சொல்லுக்கும் பேய்க்கும் பிறப்பிலேயே சம்பந்தம் இல்லை. லத்தீனில் ஹொர்ரேரே என்று ஒரு வினைச்சொல் உண்டு. மயிர் குத்திட்டு நிற்பது, சிலிர்ப்பது, அதிலிருந்து நடுங்குவது என்று பொருள். காற்றில் சிலிர்த்து நிற்கும் கதிர்களுக்கும், ஈட்டி தூக்கி நிற்கும் படை வரிசைக்கும்கூட லத்தீன் கவிஞர்கள் இந்தச் சொல் குடும்பத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, எதைப் பார்த்துப் பயந்தோம் என்பது அந்தச் சொல்லில் இல்லவே இல்லை, பயந்தபோது தோலில் என்ன நடந்தது என்பது மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. சமஸ்கிருதத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் ஹர்ஷம் என்ற சொல்லும் இந்த லத்தீன் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அங்கேயும் அடிப்படைப் பொருள் மயிர் சிலிர்ப்பதுதான், ரோமஹர்ஷணம் என்பது அதைத்தான் சொல்கிறது. (வீட்டில் ஹர்ஷினி என்று பிள்ளைக்குப் பெயர் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.) தமிழிலும் அப்படித்தானே, மயிர்க்கூச்செறிதல் பயத்துக்கும் வரும், பரவசத்துக்கும் வரும். "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து" என்று மாணிக்கவாசகர் பாடுவது பக்தியில், ஆனால் அந்த வரியை அப்படியே எடுத்து நள்ளிரவில் தனியாகப் பேய்ப்படம் பார்ப்பவன்மேல் வைத்தாலும் பொருந்தும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போய் ஏன் பயப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதுதான் பாதிப் பதில்.

படவகையின் பெயராக ஹாரர் நிலைத்தது ரொம்பப் பிந்தித்தான். 1931ல் டிராகுலா, அதே ஆண்டில் ஃபிராங்கன்ஸ்டைன் என்று யுனிவர்சல் நிறுவனம் அடுத்தடுத்து இறக்கியபோது இந்தப் பெயர் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. பிரிட்டன் தணிக்கைக்காரர்கள் 1930களில் இப்படிப்பட்ட படங்களுக்கென்றே ஹெச் என்று ஒரு முத்திரை வைத்திருந்தார்கள், 1951ல் அது போய் எக்ஸ் வந்தது.

சரி, தமிழில் என்ன? பேச்சில் பேய்ப்படம். பத்திரிகையில் திகில் படம். இப்போது எல்லாரும் ஹாரர் படம். திகில் நல்ல சொல். கன்னடத்தில் திகிலு என்றால் அச்சம், தெலுங்கில் திகுலு என்றால் கவலை, மனக்கலக்கம், இவையெல்லாம் ஒரு குடும்பம். அப்புறம் பீதி, பயங்கரம் இரண்டும் வடமொழி வழி வந்தவை, அதிலும் பயங்கரம் இப்போது பயங்கரவாதத்தோடு போய் ஒட்டிக்கொண்டுவிட்டது, "பயங்கரமா இருந்துச்சு" என்றால் பிரியாணியைச் சொல்கிறானா படத்தைச் சொல்கிறானா என்று தெரிவதில்லை. வெருட்சி என்று ஒன்று உண்டு. வெருட்டுவது என்ற வினை இலங்கைத் தமிழில் இன்றும் அன்றாடப் பேச்சு, வயலில் குருவி விரட்ட நிறுத்தும் பொம்மைக்கு அங்கே வெருளி என்றே பெயர். அழகான சொல்தான், ஆனால் வெருட்சிப் படம் என்று போஸ்டர் அடித்தால் தமிழ்நாட்டில் ஒருவரும் தியேட்டர் பக்கம் வரமாட்டார்கள்.

ஜாஸ் சண்டைக்கு வருவோம். இதைத் தொல்காப்பியம் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது. மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. மெய் என்றால் உடம்பு, உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. லத்தீன்காரன் மயிரைப் பார்த்துப் பெயர் வைத்ததும் இந்த வழியில்தான். அங்கே வரும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று அச்சம். அது எதனால் வரும்?

"அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப்
பிணங்கல் சாலா அச்சம் நான்கே"

இந்த நான்கைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தின் ஹாரர் படங்களைப் பிரித்துப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும். அணங்கு என்பதில் பேய், பூதம் எல்லாம் வரும். எக்சார்சிஸ்ட் (1973), ரிங் (1998) இரண்டும் இங்கே. ரிங்கில் சடாகோ கிணற்றிலிருந்து ஏறி வந்து, டிவி திரையைத் தாண்டி அறைக்குள் ஊர்ந்து வருவாள் அல்லவா, அந்த நடை ஏன் அப்படி வயிற்றைக் கலக்குகிறது தெரியுமா? நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்து எடுத்து, படத்தைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். பார்க்க முன்னால்தான் வருகிறாள், ஆனால் காலில் எடை விழும் முறை தப்பு. அந்தத் தப்பு என்னவென்று கண்ணுக்குப் பிடிபடாது, முதுகுத்தண்டுக்குத் தெரிந்துவிடும்.

விலங்கு: ஜாஸ் (1975). சண்டை முடிந்தது. படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் ஸ்பீல்பெர்க் அதை அதிகம் காட்டாமலே எடுக்க வேண்டியதாயிற்று, அதுவே பயத்தைக் கூட்டிவிட்டது. கள்வர் என்றால் திருடர் மட்டும் இல்லை, தீத்தொழில் செய்பவர்கள் என்று உரைகாரர் விரித்துச் சொல்கிறார், ஆகவே கத்தியோடு வரும் ஆசாமிகள் எல்லாரும் இந்தக் கணக்கில், சைக்கோ (1960) தொடங்கி. நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இறை. அரசன் என்று மட்டும் நினைக்க வேண்டாம், தந்தை, ஆசிரியர், அரசர் எல்லாரும் இறை என்கிறார் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர். நம்மைக் காக்க வேண்டியவரே நமக்கு அச்சமாவது. ஷைனிங் (1980) படத்தில் கோடரியால் கதவைப் பிளப்பது யார்? உள்ளே நடுங்கி நிற்கும் மனைவிக்குக் கணவன், பிள்ளைக்கு அப்பன். அந்த ஓட்டலில் ஆவிகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றைவிட அந்த அப்பன்தான் கனவில் வருகிறான்.

ஆனால் அச்சம் மட்டும் ஹாரர் ஆகிவிடாது. அதில் அருவருப்பும் கலந்திருக்கிறது, அதனால்தான் சண்டைப் படத்தில் குண்டு வெடிக்கும்போது வரும் பயத்தை யாரும் ஹாரர் என்பதில்லை. அதே மெய்ப்பாட்டியலில் இந்த அருவருப்புக்கு இளிவரல் என்று பெயர், மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று அதற்கும் நான்கு காரணங்கள். எக்சார்சிஸ்டில் தலை முழுச்சுற்று திரும்பும் காட்சியைத்தான் எல்லாரும் பேசுவார்கள். தியேட்டரில் பலருக்குத் தலைசுற்றல் வந்தது அதில் இல்லை, ஆஸ்பத்திரிக் காட்சியில் என்று சொல்வதுண்டு: அந்தச் சிறுமியின் கழுத்தில் ஊசி இறங்குகிறது, ரத்தம் பீறிட்டு வருகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் வழக்கமான வேலைபோல் செய்துகொண்டிருக்கிறார்கள். பேயே இல்லாத காட்சி. வெறும் பிணி. 1986ல் வந்த ஃப்ளை படமும் அப்படித்தான், ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக ஈயாக மாறுவதைக் காட்டுகிறேன் என்று நோயாளி ஒருவனின் உடம்பு அழுகுவதைத்தான் காட்டுகிறது.

இப்போது மொழிபெயர்ப்பில் இருக்கும் ஒரு குழப்பம். திகில் படம் என்ற பெயரை நாம் த்ரில்லருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். த்ரில் என்பது பழைய ஆங்கிலத்தில் துளையிடுவது, மூக்குத் துவாரத்துக்கான நாஸ்ட்ரில் என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் அதே துளைதான். யார் கொலைகாரன், நேரத்துக்குள் வெடிகுண்டு அணையுமா என்பதெல்லாம் அந்த வகை. மயிர் சிலிர்க்க வேண்டியதில்லை, நாற்காலி நுனிக்கு வந்தால் போதும். அதற்குப் பரபரப்புப் படம் என்று இருக்கட்டும், துப்பறியும் கதையானால் மர்மப்படம் என்று ஏற்கெனவே இருக்கிறது. திகிலை ஹாரருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. பேய்ப்படம் அதற்குள் ஒரு பிரிவு. எல்லாப் பேய்ப்படமும் திகில் படம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 2011ல் காஞ்சனா ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு நம் பேய்கள் பெரும்பாலும் சிரிப்பு மூட்டத்தான் வருகின்றன. அவற்றை ஹாரர் காமெடி என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், திகில் நகைச்சுவை என்று விமர்சனத்தில் எழுதுகிறார்கள். பேய் காமெடி என்று ஜனங்கள் சொல்வதே சரி, ஒரு மயிரும் சிலிர்க்காத படத்துக்குத் திகில் என்ற சொல்லை எதற்கு வீணாக்க வேண்டும்?