கேபிள்: கம்பியா, வடமா?

தெரு நூலகத்தின் நான்கு கணினிகளை இணைக்க ஒரு பெட்டி கேபிள் வாங்கினோம். உடன் வந்த தமிழ்க் குறிப்பு அதைப் 'பிணையக் கம்பி' என்றது. அது பழகிப்போன எரிச்சல். அடுத்த வரிதான் தாங்கவில்லை: 'சிக்கித் தவிக்கும் கம்பியைச் சுவருக்குள் பதிக்காதீர்.' மெல்லிய இழைகளைத் திரித்த கம்பியைக் குறிக்கும் 'ஸ்டிராண்டட்' என்ற சொல்லுக்குக் கரைதட்டி நின்றது என்றும் பொருள் உண்டு. மொழிபெயர்த்தவர் அங்கேயே தட்டி நின்றுவிட்டார்.

கேபிளின் மூலம் இலத்தீனின் 'கபுலம்', அதாவது மாட்டைக் கட்டும் கயிறு. அது கப்பல் கயிறாகி, பிறகு தந்திக்கு வந்தது. தமிழில் தேர் இழுக்கும் வடமும் கயிறுதான்.

கம்பி என்பது உலோகத்தை இழுத்து நீட்டிய இழை. நாங்கள் வாங்கியது போன்ற, கேட் 6 என்ற தரத்துப் பிணையக் கேபிளுக்குள் எட்டுச் செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகள். முழுக் கேபிளையும் கம்பி என்றால் உள்ளே இருப்பதை என்னவென்பது? கம்பிக்குள் எட்டுக் கம்பியா? முறுக்கு அழகுக்காக அல்ல. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இணையின் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் உள்ள கருவி அவ்விரு கம்பிகளின் வேறுபாட்டை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். கிரகாம் பெல் 1881இல் தொலைபேசிக்காகக் காப்புரிமை பெற்ற உத்தி இது. திரித்து முறுக்கியதை வடம் என்னாமல் வேறென்ன என்பது?

'கம்பிவடம்' என்று சமரசம் பேசுவோரும் உண்டு. 2020இல் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் திறந்துவைத்த இணைப்பில் தகவல் ஓடுவது கண்ணாடி இழையில். அங்கே கம்பியை முன்னே நிறுத்துவானேன்?

வடம் வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டட்டும். எனக்குக் கேபிளும் சம்மதமே. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

குறிப்பைக் கிழித்துவிட்டு நானே எழுதி ஒட்டினேன்: 'சுவருக்குள் ஒற்றை இழைக் கம்பி வடம். மேசையருகே திரித்த இழைக்கம்பி வடம். சுவிட்சிலிருந்து கணினிவரை 100 மீட்டருக்குள். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம்.'

அந்தச் சுவிட்சையும் அவர்கள் 'சொடுக்கி' என்றே போட்டிருந்தார்கள். வருகிற தகவலை உரிய வாசலுக்குத் திருப்பிவிடும் பெட்டி அது. அதில் யாரும் எதையும் சொடுக்குவதில்லை.