ஈயப்பெட்டிக்குள்ள ஒரு பால்மாடு

போன கிழமை எங்கட ஒழுங்கையில இருக்கிற அன்ரி ஒராள் கேற்றடியில மறிச்சுக் கேட்டா, "தம்பி, தங்கச்சிக்கு எலும்பு ஸ்கேன் எடுக்கோணுமாம், திருகோணமலையில இல்லையாம், கண்டிக்குப் போகோணும், ஏதோ கதிர்வீச்சு மருந்து ஊசியால ஏத்துவினமாம், பயமில்லையோ?" எண்டு. பக்கத்தில நிண்ட ஐயா, நூல் கட்டிக்கொண்டு போனாச் சரி எண்டு அதுக்குள்ள வைத்தியமும் சொல்லிப்போட்டார். கட்டுறது உங்கட விருப்பம், ஆனா அந்த மருந்து விடுற காமாக் கதிரை மறிக்க ஈயத்தால ஏலும், நூலால ஏலாது. கதிரியக்கம் ஒண்டும் எங்களுக்குப் புதுசுமில்ல, புல்மோட்டை மணல்ல இருக்கிற மோனசைட் எண்ட கனிமத்துக்குள்ளயே கதிரியக்கமுள்ள தோரியம் கிடக்கு.

அந்த மருந்துக்குள்ள இருக்கிறது டெக்னீசியம். ஆவர்த்தன அட்டவணையில 43ஆவது மூலகம், அட்டவணையைப் போட்ட மெண்டலீவ் இடம் விட்டுவச்சும் கனகாலம் ஒருத்தருக்கும் அகப்படேல்ல, ஏனெண்டா பூமி உண்டாகேக்க இருந்ததெல்லாம் எப்பவோ தேஞ்சு முடிஞ்சுது. 1937இல இத்தாலியில பலேர்மோவில செக்ரே, பெரியர் எண்ட ரெண்டு விஞ்ஞானிகள், அமெரிக்காவில சைக்ளோட்ரோன் எண்ட துகள் முடுக்கிற மெசினுக்குள்ள அடிவாங்கின ஒரு மொலிப்டினத் தகட்டைக் கிண்டித்தான் இதைக் கண்டுபிடிச்சவை. மனுசன் செய்த முதல் மூலகம். எலும்பு ஸ்கேனுக்கெண்டு அவை அதைத் தேடேல்ல, இதால என்ன பிரயோசனம் எண்டு கேட்டு அப்பவே காசை வெட்டியிருந்தா அன்ரியின்ர தங்கச்சிக்கு இண்டைக்கு ஸ்கேனும் இல்ல.

ஸ்கேனுக்குப் பாவிக்கிறது டெக்னீசியம்-99எம். அரை ஆயுள், அதாவது பாதி தேய எடுக்கிற நேரம், 6 மணித்தியாலம். நோயாளிக்கு அது நல்லது, ஆனா வெளிநாட்டில செய்து பிளேன்ல ஏத்தினா ஒரு நாளில 16இல ஒரு பங்குதான் மிஞ்சும். அப்ப எப்பிடி இஞ்ச வருது?

பாலை அனுப்புறேல்ல, மாட்டையே அனுப்புறது! ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆக்களும் மாடு, கறக்கிறது எண்டுதான் சொல்லுறவை. தாய் மொலிப்டினம்-99, அதுக்கு அரை ஆயுள் 66 மணித்தியாலம், ஆறுதலாத் தேஞ்சு தேஞ்சு டெக்னீசியமா மாறும். ஈயப்பெட்டிக்குள்ள ஒரு சின்னக் குழாய், அதுக்குள்ள அலுமினா எண்ட அலுமினிய ஒக்சைட்டுத் தூள், தூளில மொலிப்டினம் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்குச் சரியாப் பிடிச்ச இடம் இதுதான். மொலிப்டினம் அதுக்குள்ள ஒக்சிசனோட சேர்ந்து ரெண்டு மறை ஏற்றத்தோட நிக்குது, ரெண்டு கயிறால கட்டின வள்ளம் மாதிரி. அதின்ர அணுக்கரு ஒரு இலத்திரனைத் துப்பி டெக்னீசியமா மாறின உடன ஏற்றம் ஒண்டாக் குறையுது, ஒரு கயிறு அவிழ்ந்துபோச்சு. இனி உப்புத்தண்ணி போதும், ஒரு பக்கம் சேலைன் போத்தல், மற்றப் பக்கம் காத்து இழுத்தெடுத்த வெறும் போத்தல், அந்த வெறுமை சேலைனைக் குழாயுக்குள்ளால உறிஞ்சும், சேலைன்ல இருக்கிற குளோரைட் டெக்னீசியத்தைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும், மொலிப்டினம் அசையாது. ரெண்டு மூண்டு நிமிசத்தில தண்ணி மாதிரித் தெளிஞ்ச திரவம் வந்து நிறையும். அடுத்த நாள் காலமை திரும்பவும் மடி நிறைஞ்சிருக்கும், ஒரு கிழமை போலக் கறக்கலாம், பிறகு மாடு வத்திப்போகும்.

கறந்ததை எலும்பில போய் ஒட்டுற ஒரு பொஸ்பேட் வகைச் சாமானோட கலந்து ஏத்துவினம், எலும்பு எங்க மும்முரமாப் புதுப்பிக்குதோ அங்க கூடச் சேரும், அங்கயிருந்து வாற காமாக் கதிரைக் கமரா வெளியில இருந்து பாக்கும்.

உலகத்துக்கு வேண்டிய மொலிப்டினம்-99இல பெரும்பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில பழைய அணு உலைகளில இருந்துதான் வருது. 2009இல கனடாவில சோக் றிவர் உலை நிண்ட உடன எத்தினையோ நாட்டில ஸ்கேனுகள் தள்ளிப்போச்சு. அந்தளவு முக்கியமான சாமானுக்கு இவ்வளவு கஞ்சத்தனம்.

இதெல்லாம் கேட்டுப்போட்டு அன்ரி, "பால் சரி தம்பி, சாணம் எங்க போகுது?" எண்டா. நல்ல கேள்வி. காமாவை விட்ட பிறகு மிஞ்சுறது டெக்னீசியம்-99, அரை ஆயுள் 2 லட்சம் வருசத்துக்கு மேல, அவ்வளவு மெதுவா, அவ்வளவு சின்ன அளவு எண்டபடியா உடம்புக்கு ஒரு பாரமுமில்ல, அதிலயும் கனக்க மூத்திரத்தோட போயிடும், அதுதான் ஊசி போட்ட பிறகு நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுறது. அண்டைக்கு மட்டும் பேரப்பிள்ளையத் தூக்கி மடியில வச்சிருக்க வேண்டாம் எண்டு சொல்லிவிட்டன்.